நாலு வார்த்தை பேசத் தெரிந்த அத்தை

ஆக்லாந்தில் நான் இருந்த மூன்று வருடங்களில் அத்தை நாலு வார்த்தைக்குக் குறைத்துக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. சந்தோஷப்பட்டாலும் அதே கணக்குதான். பால் பொங்கி அடுப்பில் வழிந்தால் நாலு வார்த்தை. ரானுயி ஸ்டேஷனுக்கு மூச்சிரைக்க ஓடிப்போய், ரயில் கண்ணெதிரே கிளம்பிவிட்டால் நாலு வார்த்தை. துணியைக் காயப்போட்ட மறு நிமிடம் மழை வரும். எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு உள்ளே வந்ததும் வெயில் அடிக்கும். அந்த ஊரில் தினமும் நடக்கிற அந்த அநியாயத்துக்கென்றே தனியாக ஒரு நாலு வார்த்தை வைத்திருந்தார். கொண்டையை அவிழ்த்து மறுபடி முடிந்தபடியே சொல்வார். வார்த்தை முடியும்போது கொண்டையும் முடிந்திருக்கும்.

அந்த நாலு வார்த்தை தமிழ் இல்லை. கான்டனீஸ், ஈப்போ சீனர்கள் பேசுகிற பாஷை. நானும் ஈப்போ பக்கத்துக்காரன்தான், ஊருக்கு வடக்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். ஆனால் தோட்டத்துக்குள் சீனம் ஏது? வாரம் ஒரு தடவை சைக்கிளில் மீன் கொண்டுவருகிற சீனரிடம் கேட்டுக் கேட்டு, ஒன்று, பத்து, நூறு, ஆயிரம் என்று சீனத்தில் எண்ண எனக்குத் தெரியும். அவ்வளவுதான். அப்பா அம்மா இருவருமே கைநாட்டு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான். நிலம் அளக்கிற சர்வே படிப்புக்காக நியூசிலாந்து வந்து, அத்தை வீட்டுப் பின்னறையில் தங்கினேன். எனக்கு அவர் சொந்தமெல்லாம் இல்லை. முதல் நாள் கதவைத் தட்டி, "குட் மார்னிங் ஆன்ட்டி" என்றேன்.

"என்னைப் பாத்தா வெள்ளைக்காரி மாதிரியா இருக்கு? அத்தைன்னு கூப்பிடு. செருப்பக் கழட்டிட்டு வா."

அவ்வளவுதான் அறிமுகம்.

அத்தைக்குத் தமிழில் மூன்றாம் வகுப்பு வரை எழுத்து தெரியும். சீனத்தில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. எல்லாம் காது வழியாக வந்தது. பதினோரு வயதில் ஈப்போவில் ஒரு சீன மருந்துக்கடையில் வேர், பட்டை, காய்ந்த பூ எல்லாவற்றையும் பொட்டலம் கட்டுகிற வேலைக்குப் போயிருக்கிறார். கடைச் சுவரில் ஒரு மரப்பெட்டி ரேடியோ. தினமும் மத்தியானம் அதில் ஒருவர் கதை சொல்வாராம். ராஜா, மந்திரி, படைத்தளபதி, துரோகி என்று எல்லார் குரலிலும் அவரே பேசுவாராம். கதை ஓடுகிற வரைக்கும் கடைக்காரர் தராசைத் தொடமாட்டாராம். பொட்டலம் கட்டிக்கொண்டே எட்டு வருடம் கேட்டதில், ராஜாவும் மந்திரியும் பேசுவதுதான் சீனம் என்று அத்தை நம்பிவிட்டார்.

ஒருநாள் ஜின்செங் வேர் ஊறிய கண்ணாடி ஜாடியைக் கை தவறிப் போட்டு உடைத்திருக்கிறார். கடைக்காரரின் மனைவி விளக்குமாற்றோடு ஓடி வந்திருக்கிறாள். பதின்மூன்று வயதுத் தமிழ்ப் பிள்ளை தரையில் மண்டியிட்டு, "சோய் கோய் மான் செய்!" என்றதாம். அதாவது, 'அடியேன் செய்த குற்றத்துக்குப் பத்தாயிரம் முறை செத்தாலும் தகும்.' படை தோற்றுத் திரும்பிய தளபதி ராஜாவிடம் சொல்கிற வசனம்.

"அப்புறம் என்னா ஆச்சு அத்தை?"

"அந்தம்மாவுக்குச் சிரிச்சு சிரிச்சு விக்கல் எடுத்துருச்சு. தவுக்கே உள்ள போயி எனக்கு ஒரு கப் டீ கொண்டாந்து குடுத்தாரு. ஜாடி போனது போனதுதான்."

தவுக்கே என்றால் எங்கள் மலேசியாவில் சீன முதலாளி. அத்தைக்கு எந்தச் சீனக் கடைக்காரரும் தவுக்கேதான்.

நம் ஊர்ச் சந்தையில் ஒருவர் கூடையோடு வந்து நின்று, 'அன்னாய், இவ்வயிரை மீனின் விலை யாதோ?' என்று கேட்டால் எப்படி இருக்கும்? அத்தையின் சீனத்தைக் கேட்டவர்களுக்கு முதலில் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் இரண்டு நிமிடம் கேட்டால் சிரிப்பு நின்றுவிடும். காரணம், அவர் அதை மெனக்கெட்டுச் சொல்வதில்லை. தும்மல் வருகிற மாதிரி அது பேச்சுக்குள் தானாக வரும். வந்த பிறகு, அந்த இடத்தில் வேறு எதைச் சொல்லியிருக்க முடியும் என்று தோன்றும்.

ஹென்டர்சனில் ஒரு தையல் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. அங்கே சமோவா பெண்களும் குரோஷிய வம்சத்துப் பெண்களும்தான் கூட்டாளிகள். சீனம் யாருக்கும் தெரியாது. அதனால் என்ன? சட்டைப்பையின் மூலையில் தேவையில்லாமல் இன்னொரு தையல் போடச் சொன்ன மேஸ்திரியிடம், "யூ டிரா ஸ்நேக், புட் லெக்" என்றிருக்கிறார். பாம்பை வரைந்து முடித்தவன் சும்மா இருக்கமாட்டாமல் அதற்குக் காலும் வரைந்தானாம். சீனத்தில் நாலே வார்த்தை. மேஸ்திரி ஒரு நிமிடம் முழித்துவிட்டு, அந்தத் தையலை எடுத்துவிடச் சொன்னார். நான் ஒருமுறை அத்தைக்குச் சாப்பாட்டு டப்பா கொடுக்கப் போனபோது, வாட்டசாட்டமான ஒரு சமோவா அம்மாள் இன்னொருத்தியிடம், "ஸ்நேக் லெக், டார்லிங், ஸ்நேக் லெக்" என்று அதட்டிக்கொண்டிருந்தாள்.

எங்கள் தெருமுனையில் புதிதாகக் குடிவந்த யாழ்ப்பாணத்து ஆசிரியர் ஒருவர் இருந்தார். அவர் வேலி ஓரமாக நின்று ஒருநாள் மிகவும் தயங்கிக் கேட்டார்: "குறை நினைக்கக் கூடாது. நீங்கள் அடுக்களைக்குள்ள கதைக்கிறது எந்த ஊர்த் தமிழ்?"

"அது தமிழில்லீங்க, சீனம். கிணத்துக்குள்ள இருக்கிற தவளைக்கு வானம் எம்மாம் பெருசுன்னு தெரியுமான்னு இவனைக் கேட்டுக்கிட்டிருந்தேன்."

"ஓம் ஓம், அது எங்கட கிணற்றுத் தவளை எல்லோ!" என்று அவர் முகம் மலர்ந்துபோனது. தவளை யாருடையது என்று இருவரும் அரை மணி நேரம் வேலியில் நின்று வாதாடினார்கள். அந்தக் கிணற்றுத் தவளை நான்தான் என்பது இருவருக்கும் மறந்துபோயிருந்தது.

எனக்கு எதையும் நோட்டில் எழுதினால்தான் படித்த மாதிரி இருக்கும். அத்தை வாயிலிருந்து விழுகிற நாலு வார்த்தைகளை ஒளிந்து ஒளிந்து எழுதினேன். இடது பக்கம் ஓசை, வலது பக்கம் வார்த்தைக்கு வார்த்தை அர்த்தம். நாற்பதுக்கு மேல் சேர்ந்ததும், சொல்லித் தரும்படி நேராகவே கேட்டேன்.

"இதெல்லாம் சொல்லித் தர்ற சாமானாடா? போயி உன் படிப்பப் படி."

விடாமல் ஒன்றை மனப்பாடம் செய்து அவரிடமே சொல்லிக் காட்டினேன். காதைப் பொத்திக்கொண்டார்.

"நீ அதைக் கையப் புடிச்சி இழுத்துக்கிட்டு வர்ற. அதுவா நடந்து வரணும்."

அதற்கு மேல் விளக்கம் கிடைக்கவில்லை. நான் நோட்டை மூடவும் இல்லை. அதன் பலனை ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாருமாகச் சேர்ந்து அனுபவித்தோம்.

ஹென்டர்சன் ஸ்டேஷனிலிருந்து கொஞ்சம் நடந்தால் ஒரு சீனரின் பழக்கடை. முன்னால் கடை, பின்னால் வீடு, அதற்கும் பின்னால் தக்காளி வளர்க்கும் கண்ணாடிக் கொட்டகை. ஒல்லியான மனிதர். காதில் எப்போதும் பென்சில் இருக்கும். அவர் மனைவி இறந்துவிட்டிருந்தார். ஒரே மகள். அந்தப் பெண் மற்ற நாட்களில் எங்கோ பல் மருத்துவரிடம் வேலை பார்த்துவிட்டு, சனிக்கிழமைகளில் கடையில் கல்லாவில் நிற்பாள். அத்தை முதன்முதலாக அங்கே போனது நான் வருவதற்கு முந்தைய வருடம். முட்டைக்கோஸை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாராம். கடைக்காரர் மகளிடம் சீனத்தில், "இந்த இந்தியக்காரி எல்லாத்தையும் பிசைஞ்சே கொன்னுடுவா போலிருக்கு" என்றிருக்கிறார்.

அத்தை தலையைத் திருப்பாமலே பதில் சொன்னார்: "அசல் தங்கம் உலை நெருப்புக்குப் பயப்படுவதில்லை."

சீனத்தில் இது நாலில்லை, ஏழு வார்த்தை. முதல் சந்திப்பு என்பதால் தாராளமாக இருந்திருக்கிறார். கடைக்காரரின் காதிலிருந்த பென்சில் கீழே விழுந்ததாம்.

அவர் பன்னிரண்டு வயதில் கான்டன் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து கப்பலேறி வந்தவர். வருவதற்கு முன் பிரம்பு வைத்திருந்த ஒரு வாத்தியாரிடம் சில வருடம் படித்திருக்கிறார். அந்த வாத்தியார் அடித்துச் சொல்லிக்கொடுத்த வார்த்தைகள் நாற்பது வருடமாக அவருக்குள்ளேயே கிடந்தன. ஹென்டர்சனில் யாரிடம் போய்ப் பேசுவார்? மகள் அங்கேயே பிறந்தவள். சாப்பிடு, தூங்கு, கடையைப் பூட்டு என்ற அளவுக்குத்தான் அவளுக்குச் சீனம் புரியும். அதனால் சனிக்கிழமை காலையில் அத்தை கடைக்குள் நுழைந்தால் போதும், இரண்டு ஆப்பிள் பெட்டிகளைக் கவிழ்த்துப் போடுவார். ஒன்றில் அவர், ஒன்றில் அத்தை. அரசாங்கம், உருளைக்கிழங்கு, மழை, மறுபடியும் அரசாங்கம். நான் கூடப் போன நாட்களில் பார்த்திருக்கிறேன்: ஒருவர் நாலு வார்த்தையை வைப்பார், மற்றவர் கண்ணை மூடி அதைச் சப்புக்கொட்டி ரசிப்பார்.

இந்த ரசனையெல்லாம் நடக்கும்போது அத்தையின் மகன், நான் அண்ணன் என்று கூப்பிடுபவர், காய்கறிப் பைகளைப் பிடித்துக்கொண்டு கல்லா அருகே சும்மா நிற்பார். எலக்ட்ரீஷியன். தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிறவர். கல்லாவில் நின்ற பெண்ணும் அதே ரகம்.

"நாங்க ரெண்டு பேரும் அங்க கன்பூசியஸ் காலத்துலேருந்து பேசிக்கிட்டு வர்றோம். இவங்க ரெண்டு பேரும் இங்க நேராக் கல்யாணத்துக்கே வந்துட்டாங்க" என்று அத்தை பிறகு சொன்னார். முகத்தில் கோபம் இருந்தது. ஆனால் கொண்டையை அவிழ்க்கவில்லை. அதிலிருந்தே தெரிந்தது, அது கோபமில்லை.

கடைக்காரருக்கு விஷயம் தெரிந்த சனிக்கிழமை, அத்தை வழக்கம்போலப் போனார். ஆப்பிள் பெட்டிகள் அடுக்கினபடியே இருந்தன. அத்தை ஏதோ நாலு வார்த்தையில் விசாரித்தார். கடைக்காரர் முட்டைக்கோஸைப் பையில் போட்டுவிட்டு, அத்தையின் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டு, "டூ டாலர், மிஸ்ஸிஸ். தேங்க் யூ. நெக்ஸ்ட்" என்றார்.

வீடு வந்ததும் அத்தை செருப்பைக்கூடக் கழற்றவில்லை. முட்டைக்கோஸை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தார்.

"என்னா அத்தை, திட்டிட்டாரா?"

"இங்கிலீஷ் பேசிட்டான்டா என்கிட்ட."

கன்னத்தில் அறைந்துவிட்டான் என்பதைச் சொல்கிற குரலில் சொன்னார்.

ஏழு வாரம் அது நீடித்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் அத்தை போனார். ஒவ்வொரு சனிக்கிழமையும் மிஸ்ஸிஸ், தேங்க் யூ, நெக்ஸ்ட். வீட்டில் பால் பொங்கினால் துணியை எடுத்துத் துடைத்தார், அவ்வளவுதான். ரயில் போய்விட்டால் அடுத்த ரயிலுக்கு நின்றார். அண்ணன் இங்கிலீஷில் ஆறுதல் சொல்லிப் பார்த்தார்: இரண்டு பேருக்கும் வயது வந்துவிட்டது, ரெஜிஸ்டர் ஆபீசுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. அந்தப் பெண் அதற்குச் சம்மதிக்கவில்லை. அப்பாவுக்குத் தன் கையால் டீ ஊற்றிக் கொடுத்து, அவர் அதைக் குடித்தால்தான் அது கல்யாணம் என்றாள். அத்தையும் அவள் பக்கம்தான்.

"அந்த மனுஷன் வாயத் திறக்காம இந்த வீட்ல கல்யாணம் இல்ல. முறையாப் போயிப் பொண்ணு கேக்குறோம். சீன முறையும் வேணும், நம்ம முறையும் வேணும்."

இரண்டு முறையும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. தட்டுகளின் எண்ணிக்கையிலேயே மாட்டிக்கொண்டோம். நமக்கு நல்ல காரியத்துக்கு ஒற்றைப்படை. அவர்களுக்கு எல்லாம் ஜோடியாக வர வேண்டும். அதிலும் நாலு கூடாது. அவர்கள் காதில் நாலு என்பது சாவு மாதிரி ஒலிக்குமாம். அத்தை அடுக்களைத் தரையில் தட்டுகளைப் பரப்பி வைத்துவிட்டு வெகுநேரம் யோசித்தார்.

"ஏழு தட்டு எடுத்துக்குவோம். நமக்கு ஒத்தப்படை ஆச்சு. தூக்கிட்டு வர்ற உன்னையும் ஒரு தட்டா எண்ணிக்கிட்டா எட்டு. அவங்களுக்கும் சரியாப் போச்சு."

பழக்கடைக்காரர் வீட்டுக்கு என்ன பழம் கொண்டுபோவது என்று அண்ணன் கேட்டதற்கு, "அவரு கடையிலயே வாங்கினதுதான். அவருக்கே தெரியும் நல்ல சரக்குன்னு" என்றார். பிறகு மகனைக் கூப்பிட்டு எதிரே நிறுத்தினார். "நாளைக்கு அங்க உன்னை நாய்க்குட்டின்னு சொல்லுவேன். மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காத. சீனத்துல பெத்த பிள்ளைய அடுத்தவங்க முன்னாடி அப்பிடித்தான் சொல்லணும். நம்மளைத் தாழ்த்தணும், அவங்களை உசத்தணும்."

"கிரேட், மம்" என்றார் அண்ணன்.

அவர்களை உயர்த்த என்ன சொல்வீர்கள் என்று நானாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ஞாயிறு மத்தியானம் போனோம். கதவைத் திறந்தது அந்தப் பெண்தான். தட்டுகளை வாங்கி வரிசையாக வைத்தாள். கடைக்காரர் கூடத்தில் நாற்காலியில் இருந்தார். காதில் பென்சில் இல்லாமல் அவரை அன்றைக்குத்தான் பார்த்தேன். "சிட்" என்றார். உட்கார்ந்தோம். மகள் டீ கொண்டுவந்து வைத்தாள்.

அத்தை ஆரம்பித்தார். ஏழு வாரம் அடைத்துவைத்த தண்ணீரைத் திறந்துவிட்ட மாதிரி அப்படி ஒரு சீனம். நாலு நாலாக, தாழ்ந்து, நிமிர்ந்து, மறுபடி தாழ்ந்து. எனக்கு அங்கங்கே ஒரு வார்த்தைதான் பிடிபட்டது. நாய்க்குட்டி வந்தபோது அண்ணன் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார். இவ்வளவுக்கும் எதிரில் இருந்தவரின் பதில், "யெஸ்." கொஞ்ச நேரம் கழித்து, "ஓகே." பிறகு இன்னொரு "யெஸ்."

அத்தை முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, ஒரு நீண்ட வாக்கியம் சொன்னார். அதன் நடுவில் எனக்குத் தெளிவாக இரண்டு வார்த்தை கேட்டது. 'ச்சின்' என்றால் ஆயிரம். மீன்காரர் புண்ணியத்தில் சிறு வயதிலேயே தெரியும். 'கம்' என்றால் தங்கம். முட்டைக்கோஸ் கதையிலிருந்து என் நோட்டில் இருக்கிறது. ச்சின் கம். ஆயிரம் பொன்!

கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். தோட்டத்தில் என் அக்காவின் சம்பந்தம் எதனால் முறிந்தது என்று எனக்குத் தெரியும். இனி எங்கள் தலைமுறையில் வரதட்சணை என்ற பேச்சே இருக்கக் கூடாது என்று சபதம் எடுத்தவன் நான். என் அத்தையா இப்படி, அதுவும் ஆயிரம்? எழுந்து நின்றேன். படித்த இங்கிலீஷில் கணீரென்று சொன்னேன்: "அங்கிள், தயவுசெய்து கவலைப்படாதீர்கள். எங்களுக்குத் தங்கம் வேண்டாம். ஆயிரமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்."

கடைக்காரர் மெல்ல நிமிர்ந்தார். காது வரைக்கும் சிவந்திருந்தது.

"கோல்ட்? வாட் கோல்ட்?" என்று என்னைக் கேட்டார். பிறகு அத்தையிடம் திரும்பி, "யூ கம் மை ஹவுஸ், ஆஸ்க் கோல்ட்?" என்றார்.

"டாட்!" என்றாள் மகள். அண்ணன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அத்தை என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

"பாவி, ஆயிரம் பொன்னுன்னா பொன்னு இல்லடா, பொண்ணு! உங்க மகளை எம்மகனுக்குக் குடுங்கன்னு மரியாதையாக் கேட்டேன். அடுத்தவங்க மகளை அவங்க அப்பிடித்தான் சொல்லணும்."

பூமி பிளக்கவில்லை. ஆக்லாந்தில் அதற்கெல்லாம் எரிமலைதான் இருக்கிறது, அதுவும் அன்றைக்கு உதவவில்லை.

கடைக்காரர் எழுந்துகொள்ள நாற்காலியின் கையைப் பிடித்துவிட்டார். அவர் எழுந்து உள்ளே போய்விட்டால் கதை முடிந்தது. அது எல்லாருக்கும் தெரிந்தது. அத்தை அவரைத் தடுக்கவில்லை. விளக்கம் சொல்லவும் இல்லை. என்னை ஒரு விரலால் சுட்டிக்காட்டி, சலிப்போடு, தனக்குத்தானே பேசிக்கொள்கிற மாதிரி, "யத் யின் கெய் ச்சுத்..." என்றார். அத்தோடு நிறுத்திவிட்டு டீக் கோப்பையை எடுத்துக்கொண்டார்.

அது பாதிப் பழமொழி. 'வாயை விட்டு ஒரு சொல் வெளியேறிவிட்டால்' என்பது வரைக்கும்தான் சொல்லியிருக்கிறார். 'அடியாத மாடு' என்று ஒருவர் சொல்லி நிறுத்திவிட்டால் நமக்கு நாக்கு அரிக்காதா? 'படியாது' என்று சொல்லி முடிக்கிற வரைக்கும் உட்கார முடியுமா? அந்த மனிதருக்கோ பிரம்படி வாங்கிப் படித்த வார்த்தை. எழுந்துகொள்ளப் போனவர் பாதியில் நின்றார். உதட்டை இறுக்கினார். உள்ளே குளிர்பெட்டி உறுமுகிற சத்தம் கேட்டது. அத்தை டீயை ஊதி ஊதிக் குடித்தார்.

"...சி மா நான் ச்சோய்" என்றார் கடைக்காரர்.

நாலு குதிரை பூட்டிய தேராலும் அதைத் துரத்திப் பிடிக்க முடியாது.

சொன்ன பிறகுதான், அத்தையிடம் சீனம் பேசிவிட்டோம் என்பது அவருக்கே உறைத்தது போலிருக்கிறது. மறுபடி நாற்காலியில் விழுந்தார். அத்தை அந்த இடைவெளியில் மளமளவென்று என் தவறைச் சீனத்தில் விளக்கினார். தவுக்கே என்னைப் பார்த்தார். மறுபடி பார்த்தார். தோள் குலுங்கியது. மகளிடம் இங்கிலீஷில், "ஹி திங்க் ஐ பே தெம் டேக் யூ!" என்று சொல்லிவிட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"எவ்வளவு வரைக்கும் போவீங்க டாட்?" என்றாள் அவள்.

அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் பேசியதை, திரும்பி வரும்போது காரில் அத்தை வரிக்கு வரி சொன்னார்.

தவுக்கே கேட்டாராம்: "கதவும் கதவும் ஒத்துப்போக வேண்டும், வாசலும் வாசலும் ஒத்துப்போக வேண்டும் என்பார்களே. உங்கள் கதவு எங்கே, என் கதவு எங்கே?"

"எங்க வீட்டுலயும் இழுக்கிற கண்ணாடிக் கதவு, உங்க வீட்டுலயும் இழுக்கிற கண்ணாடிக் கதவு. ரெண்டும் மழைன்னா சிக்கிக்குது. இதுக்கு மேல என்ன பொருத்தம் வேணும்?"

அவர் சிரித்தார், ஆனால் இளகவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் உள்ளே இருந்தது வந்திருக்கிறது. "என் மகளுக்கே நான் பேசுவதில் பாதி புரியவில்லை. அவள் ஒரு சீனனைக் கட்டிக்கொண்டால், பேரப்பிள்ளைக்காவது நான் சொல்வது கேட்கும் என்று நினைத்தேன். உங்கள் வீட்டுக்கு வந்தால் அதுவும் போயிற்று."

"எந்தச் சீனன்? இங்க பொறந்த சீனன்தானே? அவனுக்கு உங்க மகளை விட மோசமாத்தான் தெரியும். அந்த வீட்ல எல்லாரும் இங்கிலீஷ்தான் பேசுவாங்க. எங்க வீட்ல பிள்ளைய யாரு தூக்கி வெச்சிருப்பா? நானு. தொட்டில்லேருந்தே நாலு நாலாத்தான் காதுல போடுவேன். ஹென்டர்சன்ல உங்ககிட்ட சீனத்துல சண்டை போடுற பேரப்பிள்ளை வேணும்னா, அது எங்க வீட்லதான் பொறக்கும்."

இதெல்லாம் காரில் கேட்டது. அங்கே என்னால் தவுக்கேயின் முகத்தை மட்டும்தான் படிக்க முடிந்தது. தட்டுகளைப் பார்த்தார். என் நாய்க்குட்டி அண்ணனைப் பார்த்தார். கடைசியில் மகளைப் பார்த்துக் கையை நீட்டினார். அவள் ஓடிப்போய் ஒரு கோப்பையில் டீ ஊற்றி, இரண்டு கையாலும் ஏந்திக் கொண்டுவந்தாள். அவர் அதை வாங்கி முழுவதும் குடித்தார். பிறகு தானே கெட்டிலை எடுத்து, அத்தையின் கோப்பையை நிரப்பி, அவர் பக்கம் நகர்த்தி வைத்து, "சன் கா மோ" என்றார்.

மூன்று வார்த்தைதான். அத்தையின் கை கொண்டைக்குப் போனது. போய் அங்கேயே நின்றது.

"அப்படின்னா என்ன டாட்? இங்கிலீஷ்ல என்ன?" என்றாள் மகள்.

அவர் யோசித்தார். காதில் பென்சிலைத் தேடினார். "இங்கிலீஷ் நோ காட்" என்றார்.

நானும் அண்ணனும் அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தோம். ராஜாவும் மந்திரியும் தளபதியும் பேசிய அத்தனை வார்த்தையும் தெரிந்தவருக்கு, அந்த நேரத்தில் ஒன்றுகூட வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தச் சீனரைப் பார்த்துச் சுத்தத் தமிழில் சொன்னார்:

"சரிங்க சம்பந்தி."

தவுக்கே, எல்லாம் புரிந்தவர் போல, தலையை ஆட்டினார்.